வரைதாளின் 'டூத்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு,

பென்சிலில் முகம் வரைவதைப் பல ஆண்டுகள் விட்டிருந்து மறுபடி தொடங்குபவர்களுக்கான 16 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் நிற்கிறேன். வரைதாளின் மேற்பரப்பில் பென்சில் துகளைப் பிடித்துவைக்கும் நுண்ணிய மேடுபள்ளத்தை ஆங்கிலத்தில் 'டூத்' என்கிறார்கள். கையேட்டில் 23 இடங்களில் வருகிறது. 'பல்' என்று போட முடியாது. சிரிக்கும் முகத்தில் பற்களுக்கிடையே கோடு போடக் கூடாது என்று விளக்கும் பக்கமும் இதே கையேட்டில் இருக்கிறது. 'சொரசொரப்பு' என்று எழுதிப் பார்த்தேன். 'சொரசொரப்பு நிரம்பிவிடும்' என்றால் யாருக்கும் விளங்காது. உதவுங்கள்.
– செ.

*

செ. அவர்களுக்கு,

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்த்துவிடுவோம். தாள் என்பது இழைகளின் பின்னல். பென்சில் முனை அதன்மேல் உரசும்போது மேட்டில் துகள் ஒட்டுகிறது, பள்ளம் வெள்ளையாக நிற்கிறது. அடுத்தடுத்த பூச்சில் பள்ளமும் மெல்ல நிறைகிறது. முகத்தின் அரைநிழல்களெல்லாம் இந்த நிறைதலின் அளவுதான்.

இடைவெளிக்குப் பிறகு வருபவர்கள் தவறுவது இங்கேதான். கண் உடனே கருமையைக் கேட்கும். கைக்கு அழுத்தத்தின் அளவு மறந்திருக்கும். முதல் பூச்சிலேயே 4பி, 6பி போன்ற மென்மையான, கருமை கூடிய பென்சில்களை எடுத்து அழுத்துகிறார்கள். பள்ளங்கள் ஒரேயடியாக நிரம்பி, பென்சிலின் எழுதுபொருளான கிராஃபைட்டின் படலங்கள் தட்டையாகப் படிந்து கண்ணாடி போல மின்னுகின்றன. அதற்குமேல் எந்தப் பென்சிலும் வழுக்கும். தாடைக்குக் கீழே, கண்குழியில், கூந்தலின் நடுவில் இருட்டு வேண்டிய இடமெல்லாம் பக்கவாட்டில் பார்த்தால் வெள்ளிப்பூச்சாகத் தெரியும்.

எனவே சொல் வெறும் தொடுஉணர்வைக் குறித்தால் போதாது. பிடித்துக்கொள்வது, நிரம்புவது, தேய்ந்துபோவது என்று மூன்று வினையும் அதோடு சேர வேண்டும்.
– மா.

*

அன்பர்களே,

நம்மிடம் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது: பிணர். சங்கப் பாடல்களில் யானையின் துதிக்கைக்கும் தாழையின் அடிமரத்துக்கும் வரும் அடை. உரையாசிரியர்கள் 'சருச்சரை', அதாவது சொரசொரப்பு, என்று பொருள் எழுதுவார்கள். ஓரசைச் சொல், சிறியது. பிணர்த்தாள், பிணரற்ற தாள், பிணர்மிகு தாள் என்று எளிதில் தொகையாகும். பிணைதல், பிணங்குதல் ஆகியவற்றோடு உறவுடையது என்பது என் எண்ணம், அப்படியானால் மா. கேட்கும் 'பிடித்துக்கொள்ளல்' வேரிலேயே கிடைத்துவிடுகிறது. பிணி என்பதும் கட்டு என்ற பொருளில்...
– கு.

*

கு. ஐயா, பிணரின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் கையேட்டைப் படிக்கப்போகிறவர் பிணம் என்றோ பிணி என்றோதான் முதலில் படிப்பார். அகராதியைப் புரட்டும் நேரத்தில் அவர் தாளை நாசமாக்கியிருப்பார்.

இன்னொன்று. செ. தம் வரைவில் கிராஃபைட்டுக்குக் 'காரீயம்' என்று எழுதியிருக்கிறார். இலங்கையில் அது சரி. போகல, ககட்டகக சுரங்கங்களில் எடுப்பதை நாங்கள் காரீயம் என்றே சொல்கிறோம். தமிழ்நாட்டிலோ காரீயம் என்றால் உலோகமான ஈயம். பென்சிலில் ஈயம் இருக்கிறது, நஞ்சு என்று பிள்ளைகளின் பெற்றோர் அஞ்சுவதற்கு இந்தப் பெயரும் ஒரு காரணம்.
– த. (யாழ்ப்பாணம்)

*

த. சொல்வது நியாயம். ஆனால் அந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தின் பாரோடேலில் 16ஆம் நூற்றாண்டில் கிடைத்த கனிமத்தை அங்குள்ளவர்களும் 'கறுப்பு ஈயம்' என்றுதான் அழைத்தார்கள். அது கரிமம் என்று வேதியியலாளர் ஷீலே 1779இல் காட்டினார். எழுதுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து கனிமவியலாளர் வெர்னர் 1789இல் கிராஃபைட் என்று பெயரிட்டார். 1795இல் பிரான்சின் காந்தே அதைக் களிமண்ணோடு கலந்து சுட்ட பிறகுதான் எச், பி என்ற வரிசைக்கே வழி பிறந்தது. களிமண் கூடினால் கடினமான எச், கிராஃபைட் கூடினால் மென்மையான பி. இரு கரையிலும் படிப்பார்கள் என்பதால் 'கிராஃபைட்' என்றே இருக்கட்டும். 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' (காலத்தோடு வந்த சொல்லை விலக்க வேண்டியதில்லை) என்று தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார்.

டூத் விஷயத்துக்கு வருகிறேன். அம்மி வழுக்கினால் என்ன செய்வோம்? கொத்துவோம். கொத்தின அம்மியில்தான் மிளகாய் நிற்கும். அரிவாளின் பல்லுக்கும் பனைமட்டையின் விளிம்புக்கும் 'கருக்கு' என்கிறோம். தாளின் கருக்கு, கருக்குத் தேய்ந்த தாள். விளக்கமே வேண்டாம்.
– இரா.

*

கருக்கு கூர்மையான விளிம்புக்கு உரியது, பரப்புக்கு அல்ல. மேலும் 'கருக்குதல்' என்ற வினை அருகிலேயே நிற்கிறது. 'தாளின் கருக்கைக் கெடுக்காதீர்கள்' என்றால் கருப்பாக்கிய இடத்தை அழிக்காதீர்கள் என்று பொருள் கொள்வார்கள். பென்சில் கையேட்டில் இது பெரிய ஆபத்து.

நான் சொல்ல நினைப்பது: சுணை. பூசணி இலையைத் தடவினால் கையில் படுவது, களத்தில் வைக்கோல் உதறினால் உடம்பில் அரிப்பது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சொல். சுணை பிடிக்கும், சுணை ஒட்டும், சுணை போகும். மா. கேட்ட வினைகள் ஏறக்குறைய எல்லாம் சேர்கின்றன.
– வள்.

*

சுணை பொருந்துகிறது, அதுவும் பொருளாலேயே. தாளின் மேற்பரப்பு உண்மையில் இழைதான். அழிப்பானால் அழுத்தித் தேய்த்தால் இழை கிளம்பிப் பஞ்சாகும். அந்த இடத்தில் துகள் கூடுதலாகச் சிக்கித் திட்டுத் திட்டாகக் கறுக்கும். கன்னத்தில் நேர்ந்தால் படமே போயிற்று. அதனால்தான் மாவு போலப் பிசையக்கூடிய அழிப்பானை ஒற்றி ஒற்றி எடுக்கச் சொல்கிறோம், தேய்க்கச் சொல்வதில்லை. விரலால் தேய்ப்பதும் கெடுதல். தோலின் எண்ணெய் இழையில் இறங்கி, அடுத்த பூச்சு சீராக ஏறாது.

செ., கையேட்டில் வரிசை இப்படி இருக்கிறதா என்று பாருங்கள்: 2எச் கொண்டு அழுத்தாமல் முதல் பூச்சு. கடினப் பென்சிலை அழுத்தினால் தாள் குழியும், பிறகு மேலே பூசும்போது அந்தக் கோடு வெள்ளையாகத் தெரியும். அடுத்து எச்பி, 2பி என்று மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றும் வேறு திசையில். 4பி கடைசியில், இருட்டுக்கு மட்டும். முனை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வெளியே தெரியும்படி பிளேடால் சீவி, பென்சிலின் பின்பக்கத்தைப் பிடித்தால் கை தானாகவே அழுத்தாது.
– மா.

*

சுணைக்கு மானவுணர்வு என்ற பொருளும் உண்டு. 'சுணைகெட்டவன்' வசை. கருவிநூலில் அதை நுழைப்பதா? பலர் சொரணையும் சுணையும் ஒன்றென்று மயங்குகிறார்கள். சொரணை வடமொழி ஸ்மரணையின் வழி வந்தது, சுணை வேறு. சுள், சுர் என்ற அடிகளிலிருந்து...
– கு.

*

கு. ஐயா, அந்த இரண்டாம் பொருளே நமக்கு உதவுகிறது. தொட்டதை உணரும் தன்மை போய்விட்டவன் சுணைகெட்டவன். பென்சில் பட்டும் ஏற்காத தாள் சுணைகெட்ட தாள். ஒருமுறை கேட்டால் மறக்காது.
– வள்.

*

யாழ்ப்பாணத்தில் சுணை என்றால் அரிப்புத்தான் நினைவுக்கு வரும். என்றாலும் பிணரைவிட விளங்கும். முதல் முறை வரும் இடத்தில் விளக்கம் கொடுத்தால் எதிர்ப்பில்லை.
– த.

*

அனைவருக்கும் நன்றி. நாளை மாலைக்குள் கொடுக்க வேண்டியிருப்பதால் முடித்துவிடுகிறேன். நால்வர் சுணை (த. விளக்கத்தோடு), ஒருவர் பிணர், இரா. இன்னும் கருக்கு என்கிறார். முதல் இடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்:

'தாளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுண்ணிய சொரசொரப்புத் தெரியும். இதுதான் தாளின் சுணை. வழவழப்பான பிரிஸ்டல் தாளில் சுணை குறைவு. கண்ணிமை போன்ற நுட்பம் எளிதில் வரும், ஆனால் நாலைந்து பூச்சிலேயே நிரம்பிவிடும். கார்ட்ரிஜ் தாளில் சுணை அதிகம். பூச்சுகளைத் தாங்கும், தோலின் வழவழப்பைக் கொண்டுவரப் பொறுமை வேண்டும். திரும்பத் தொடங்குபவர்கள் 160 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரை எடையும் நடுத்தரச் சுணையும் உள்ள தாளை எடுக்கலாம்.'
– செ.

*

'சுணை திரும்ப வேண்டுமானால்' என்று ஒரு வரி சேருங்கள். துகள் உதிராமல் நிறுத்தும் நிலைப்பான் தெளிப்பில், மேலே மறுபடி வரைய இடம்கொடுக்கும் வகையை 30 செ.மீ. தள்ளிப் பிடித்து லேசாக இரண்டு முறை அடித்தால் கொஞ்சம் மீளும். முழுதும் மீளாது என்பதையும் எழுதுங்கள். அடித்த இடத்தை அழிப்பது கடினம்.
– மா.

*

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் செடியின் மயிருக்குரிய பெயரைத் தாளுக்கு ஏற்றியது உவமையாகுபெயர் என்றாவது அடிக்குறிப்பில் சொல்லுங்கள். இரண்டாம் பதிப்பில் பிணரை மீண்டும் எடுப்பேன். பிணர் பற்றிய இடங்களை உரையோடு தொகுத்து வருகிறேன். தனி மடலில் அனுப்புகிறேன்.
– கு.