கிளிநொச்சியிலிருந்து கதிர்காமத்துக்கு மோட்டார் சைக்கிளில்: எந்த வழி நல்லது?

பரந்தன் வாசி:

அனைவருக்கும் வணக்கம். இந்த ஆடிவேல் திருவிழாவுக்கு நானும் என் மைத்துனரும் கிளிநொச்சியிலிருந்து கதிர்காமத்துக்கு மோட்டார் சைக்கிளில் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். எங்களுடைய இரண்டு வண்டிகளும் பத்தாண்டுகளுக்கு மேல் ஓடியவை. ஒன்று 100 சீசீ, மற்றையது 125 சீசீ. என் தாயாரும் பின்னிருக்கையில் வருவதாகச் சொன்னார். மிகுந்த பாடுபட்டுத்தான் அவரைப் பஸ்ஸில் வரச் சம்மதிக்க வைத்தோம். ஆகையால் குறித்த நாளில் அங்கே போய்ச் சேர்ந்து அவரைச் சந்தித்தாக வேண்டும்.

மூன்று வழிகளை எண்ணி வைத்திருக்கிறேன். ஏ-9 வீதியால் தம்புள்ளை, கண்டி சென்று, நுவரெலியா, பண்டாரவளை, எல்ல, வெல்லவாய என மலைநாட்டின் ஊடாக இறங்குவது முதலாவது. மரதன்கடவலையில் திரும்பி ஹபரணை, பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கு வந்து, அங்கிருந்து பொத்துவில், மொனராகலை என்று போவது இரண்டாவது. வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குப் போய், கரையோரமாக மூதூர், வெருகல், வாகரை கடந்து மட்டக்களப்பை அடைவது மூன்றாவது. இவை தவிர, முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் வழியாக நேரே புல்மோட்டைக்குப் போகலாம் என்று கைபேசி வரைபடத்தைக் காட்டி மைத்துனர் வாதிடுகிறார். இவ்வழிகளில் ஓடிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

குளக்கட்டு:

தம்பி, இந்தப் பயணத்தை நான் மூன்று முறை செய்திருக்கிறேன். மூன்று முறையும் ஆடியில்தான். உங்களுடைய மூன்றாவது வழியையே நான் சொல்வேன். அதற்குத் தூரம் காரணம் அன்று. எப்படிப் போனாலும் கிழக்கு வழி ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல்தான், ஒரே நாளில் ஓடி முடிக்கக்கூடியதும் அன்று. யானைக் காடுகளை எந்த நேரத்தில் கடக்கப் போகிறீர்கள், இரவில் எங்கே தங்கப் போகிறீர்கள் என்ற இரண்டையும் முதலில் எழுதி வைத்தால் வழி தானாகவே தெரிந்துவிடும்.

மலைநாட்டு வழியை இப்பருவத்தில் விட்டுவிடுங்கள். தென்மேல் பருவக்காற்று அடிக்கும் காலம் அது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் மழையும் பனிப்புகாரும் சேர்ந்துகொண்டால் முன்னால் போகும் லொறியின் பின்விளக்கும் தெரியாது. ஏற்றத்தில் உங்கள் 100 சீசீ வண்டி மூச்சு வாங்கும் என்பதைவிட, இறக்கம்தான் எனக்குக் கவலை. ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்திலுள்ள எல்லயிலிருந்து வெல்லவாய வரை முப்பது கிலோமீற்றருக்குள் இறங்க வேண்டும். வன்னியின் சமதரையில் ஓடிப் பழகிய நாங்கள் கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டு வேகத்தை அடக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருப்போம். பிரேக் சூ சூடேறிப் பிடிக்காமல் போவது அப்படித்தான்.

கிழக்கு வழியில் அதே காலத்தில் மழை இராது. மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும் காற்று உலர்ந்து, சூடாகித்தான் வருகிறது. மட்டக்களப்பில் அதைக் கச்சான் என்பார்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஒரு சரை கச்சான் (நிலக்கடலை) வாங்கிக் கொறித்துக்கொண்டு புறப்படும் நமக்கு அந்தச் சொல் வேறு பொருள் தரும். முதல்முறை போனபோது, "மத்தியானக் கச்சான் ஆளைக் காய்ச்சிவிடும்" என்று ஒரு கடைக்காரர் எச்சரித்தது எனக்கு விளங்கவேயில்லை. இரண்டு மணித்தியாலம் ஓடிய பிறகு, உதடு வெடித்தபோது விளங்கியது. தண்ணீரைப் பையின் அடியில் வைக்காமல் கையெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட ஏ-15 வீதியைப் பற்றிப் பழையவர்கள் பயமுறுத்துவார்கள். ஆற்றுமுகங்களில் ‘பாதை’க்காகக் காத்திருந்த காலத்து நினைவு அது, வாகனங்களை ஏற்றிக் கடத்தும் மிதவையை அங்கே பாதை என்றே சொல்வார்கள். 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது, மற்ற இடங்களுக்கும் பாலங்கள் வந்துவிட்டன. இப்போது வெருகல் முருகன் கோயிலடியில் நிழலில் இருந்து இளைப்பாறிவிட்டு, மாலைக்குள் மட்டக்களப்புக்குப் போய்விடலாம். கிண்ணியாவிலோ மூதூரிலோ பெற்றோலை முழுமையாக நிரப்பிக்கொள்ளுங்கள். வாகரைப் பக்கம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவேண்டாம்.

செட்டிகுளத்தான்:

ஐயா சொல்வதோடு ஓரளவுதான் உடன்படுகிறேன். ஹபரணை – பொலன்னறுவை வழியில் வீதி அகலம், கடைகள் அதிகம், வண்டி பழுதானால் திருத்த ஆள் கிடைக்கும். பத்தாண்டு ஓடிய வண்டிகளுக்கு அது சிறிய காரியமன்று. வாகரைக்குக் கிட்ட மாலை ஐந்து மணிக்கு ரியூப் வெடித்து, வண்டியை நான்கு கிலோமீற்றர் உருட்டியவன் நான்.

குளக்கட்டு:

நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் ஆடி, ஆவணியில் மின்னேரியாக் குளத்தின் நீர் வற்றி, புல்வெளி தலைகாட்டும். அதை நாடித்தான் நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே கூடுகின்றன. கிளிநொச்சியில் விடியப் புறப்பட்டுச் சாப்பாட்டுக்கும் களைப்பாறவும் நின்று போகிறவர், எங்கோ ஓரிடத்தில் சற்றுச் சுணங்கினாலும், ஹபரணைக்கும் மின்னேரியாவுக்கும் இடையில் பிற்பகலில்தான் நிற்பார். ஹொரவப்பொத்தானைப் பக்கமும் யானை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த இடத்தை வெயில் ஏறிய பிறகு, காலை ஒன்பது மணியளவில் கடந்துவிடுவீர்கள். ரியூப் விடயத்துக்கு மருந்து வழியை மாற்றுவதன்று, மாற்று ரியூப் கொண்டுபோவது.

முள்ளியவளை:

கொக்கிளாய் பற்றி மட்டும் சொல்கிறேன். முல்லைத்தீவிலிருந்து கொக்குத்தொடுவாய் தாண்டிக் கொக்கிளாய் வரை வீதி உண்டு. அதற்கப்பால் களப்பின் முகத்துவாரம். நான் கடைசியாகப் போனபோது வாகனம் கடக்கப் பாலம் இருக்கவில்லை. மறுகரையில் புல்மோட்டை கண்ணுக்குத் தெரியும், ஆனால் போய்ச்சேர மணலாற்றுப் பக்கமாகக் காட்டைச் சுற்ற வேண்டும். வரைபடம் காட்டும் கோட்டை நம்பி மைத்துனரை முன்னால் விடாதீர்கள்.

மாங்குளம் கராச்:

வழியை ஐயா சொல்லிவிட்டார், நான் வண்டியைப் பார்க்கிறேன். புறப்படும் நாளன்று சேர்விஸ் செய்யாதீர்கள். ஒரு கிழமைக்கு முன்பே செய்து, நூறு கிலோமீற்றராவது ஓடிப் பாருங்கள். புதிதாகப் பூட்டியதுதான் முதலில் தளரும். செயின், பிரேக் சூ, பின் ரயர் மூன்றிலும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். இரண்டு வண்டிகளுக்கும் கிளச் கேபிளும் பிளக்கும் ரியூப்பும் தனித்தனியாக வேண்டும், அளவுகள் வேறாக இருக்கலாம். சாமானைச் சீற்றின் பின்நுனியில் தொங்கவிடாமல் நடுவுக்குக் கிட்டக் கட்டுங்கள்.

இன்னுமொன்று. சிறுபோக அறுவடை தொடங்கிய இடங்களில் வீதியின் ஒரு பாதியில் நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். நெல்மணியின் மேல் பிரேக் பிடித்தால் வண்டி நிற்காது, வழுக்கும். நம்முடைய ஏ-9 வீதியிலும் விடியுமுன் கவனம்: பகல் வெயிலில் சூடான தாரின் மேல் மாடுகள் இரவு முழுதும் படுத்திருக்கும், கறுப்பு மாடு விளக்கு வெளிச்சத்திலும் கடைசி நேரத்தில்தான் தெரியும்.

பரந்தன் வாசி:

எல்லோருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம். பொத்துவிலிலிருந்து பாணமை, உகந்தை வழியாக யாத்திரிகர்கள் நடக்கும் பாதை வரைபடத்தில் மிகக் குறுகியதாகத் தெரிகிறது. திருவிழாக் காலத்தில் காட்டுப்பாதையைத் திறப்பார்களாமே?

குளக்கட்டு:

திறப்பார்கள், நடந்து போகிறவர்களுக்கு. உகந்தை முருகன் கோயில் வரை நீங்கள் வண்டியில் போய்க் கும்பிட்டுத் திரும்பலாம். அதற்கப்பால் குமண, யால வனப் பூங்காக்கள். அவற்றுக்குள் மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள். நீங்கள் பொத்துவிலிலிருந்து உட்பக்கமாகத் திரும்பி, சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தளை என்றுதான் போக வேண்டும்.

புத்தளையிலிருந்து கதிர்காமம் போகும் காட்டு வீதியில்தான் முழுக் கவனமும் வேண்டும். அங்குள்ள சில யானைகளுக்குப் போகிறவர் வருகிறவரெல்லாம் பழம் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். இப்போது அவை வீதியில் வந்து நின்று வாகனத்தை மறிக்கின்றன. பஸ்ஸில் இருப்பவருக்கு அது வேடிக்கை, நமக்கு அப்படியன்று. பூசைக்கென்று வீட்டிலிருந்து வாழைப்பழமோ மாம்பழமோ கட்டிக்கொண்டு போகாதீர்கள், மணம் போதும். தட்டும் பழமும் கதிர்காமத்திலேயே வாங்கலாம். பஸ்ஸோ வானோ வரும்வரை புத்தளையில் காத்திருந்து அதன் பின்னால் போங்கள். பிற்பகல் மூன்று மணி தாண்டிவிட்டால் அந்த வீதியை நினைக்காமல், வெல்லவாய, தணமல்வில வழியாகத் திஸ்ஸமஹாராமைக்கு வந்து போங்கள். சுற்றுத்தான், ஆனால் அம்மா காத்திருக்கிறார் அல்லவா.

பரந்தன் வாசி:

அப்படியே செய்கிறோம். வெளிச்சம் வந்தபின் ஐந்தரைக்குப் புறப்பட்டு, வவுனியாவில் காலைச் சாப்பாடு, பதினொரு மணியளவில் திருகோணமலை, முதலிரவு மட்டக்களப்பு. மறுநாள் ஆறு மணிக்கு அங்கிருந்து கிளம்பினால் மத்தியானத்தில் புத்தளையில் நிற்போம். மைத்துனர் கொக்கிளாயைக் கைவிட்டுவிட்டார். அம்மா மட்டும், பஸ்ஸில் கொண்டுவரக் கட்டிவைத்த ஒரு சீப்பு வாழைப்பழத்தை இன்னும் விடவில்லை.