நெறியாளர் பெயரில் நான் எழுதிய மதிப்பாய்வு: ஆய்விதழுக்கு யார் வழியாகத் தெரிவிப்பது?

வணக்கம். பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியலில் மூன்றாம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வாளராக இருக்கிறேன். ஐந்து வாரங்களுக்கு முன், ஓர் ஆய்விதழ் மதிப்பாய்வுக்கென என் நெறியாளருக்கு அனுப்பிய, இன்னும் வெளிவராத கட்டுரையை அவர் என்னிடம் கொடுத்து, அறிக்கையை நானே எழுதும்படி சொன்னார். எழுதிக் கொடுத்தேன், அது அவர் பெயரில் மட்டுமே சென்றது. எங்கள் ஆய்வகத்தில் இது வழக்கம்தான் என்பதால் (வழக்கம் என்பதே ஒரு சாக்கு என்று இப்போது தோன்றுகிறது) அன்று உறுத்தவில்லை.

அக்கட்டுரையில் உள்ள துத்தநாக ஆக்சைடு ஒளிவினையூக்கி (ஒளியின் உதவியால் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்), என் ஆய்வேட்டின் நான்காம் இயலில் நான் தயாரித்து வருவதற்கு மிக நெருக்கமானது. அவர்கள் சேர்த்த வெள்ளியின் அளவை நாமும் சோதித்துப் பார்க்கலாம் என்று நெறியாளர் இப்போது சொல்கிறார். திருத்திய கட்டுரையும் மீண்டும் வந்திருக்கிறது. பத்து நாள் அவகாசம்.

அவரிடம் இருமுறை பேசினேன், சிரித்துக் கடந்துவிட்டார். பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2018 விதிமுறைகள் கருத்துத்திருட்டை 10, 40, 60 விழுக்காடு என ஒப்புமை எல்லைகளால் அளக்கின்றனவே தவிர, இதற்கு வழி சொல்லவில்லை. ஆய்வு வெளியீட்டு நெறிகளுக்கான கோப் (COPE) அமைப்பின் மதிப்பாய்வாளர் நெறிமுறையோ, இதழின் அனுமதியின்றிப் பிறரை ஈடுபடுத்தக் கூடாது, கட்டுரையில் கண்டதைத் தன் நலனுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. துறைத் தலைவரிடம் போகலாம் என்றால், அப்பொறுப்பிலும் நெறியாளரே இருக்கிறார். அந்த வெள்ளி அளவை நான் இதுவரை சோதிக்கவில்லை.

முதல் அறிக்கையை எழுதியது நான் என்பதையும், என் ஆய்வு அதனோடு மோதுவதையும் இதழாசிரியருக்கு நானே நேரடியாக எழுதலாமா, அல்லது பல்கலைக்கழகத்தின் வழியாகத்தான் செல்ல வேண்டுமா?