உளவுப் படத்தில் விட்டுப்போகும் வகுப்பறையும் கல்லூரிக் கட்டணமும்

இரவுக்காட்சி:
உளவுப் படத்தில் எனக்குத் துரத்தல் இரண்டாம்பட்சம். யாருக்கு எது தெரியும், யாரிடம் எது மறைக்கப்படுகிறது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பதுதான் சுகம். அந்தச் சுகத்துக்கு, ஜெர்மன் ராணுவம் செய்திகளை ரகசியக் குறியீடாக மாற்றிய சக்கர இயந்திரமான எனிக்மாவின் கதையை மிஞ்ச ஆளில்லை. ஆனால் படமாக எடுப்பவர்கள் அதன் பாதியைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். விட்டுப்போகும் அந்த வகுப்பறைப் பாதிதான், கல்லூரிக்குக் கட்டணமே கூடாது என்று என்னைச் சொல்ல வைக்கிறது.

ஜெர்மானியரான ஹான்ஸ் திலோ ஷ்மிட் எனிக்மா பற்றிய ரகசியக் காகிதங்களைப் பிரெஞ்சு உளவுத்துறைக்கு 1931இல் விற்றார். அவற்றை வைத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரர்களால் எனிக்மாவை உடைக்க முடியவில்லை. காகிதங்கள் போலந்துக்குக் கைமாறிய பிறகு, 1932 டிசம்பரில் அந்நாட்டுக் கணிதவியலர் மரியான் ரெயெவ்ஸ்கி உடைத்தார். எப்படி? ஜெர்மன் ராணுவத்தில் ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும், சக்கரங்களை எந்த நிலையில் வைப்பது என்று சொல்லும் மூன்றெழுத்துச் சாவியை இரண்டு தடவை அடிப்பது அப்போதைய விதி. ஆக, முதல் ஆறெழுத்தில் 1ஆவதும் 4ஆவதும் ஒரே எழுத்தின் இரண்டு வேடங்கள். 2க்கும் 5க்கும், 3க்கும் 6க்கும் அதே உறவு. ஒரே நாளில் பிடித்த செய்திகளை அடுக்கிப் பார்த்தால் எழுத்துகள் சுழல்களாகச் சேரும். அங்கிருந்து வரிசைமாற்றக் கணிதத்தைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தின் உள்கம்பி இணைப்புவரை போய்விட்டார்.

அந்தக் கணிதம் போலந்தின் போஸ்னான் பல்கலைக்கழகத்தில் படித்தது. ஜெர்மன் தெரிந்த கணித மாணவர்களுக்கு 1929இல் அங்கே ரகசியக் குறியீட்டு வகுப்பு நடந்தது. ரெயெவ்ஸ்கி, ருஜித்ஸ்கி, சிகால்ஸ்கி மூவரும் அதிலிருந்து வந்தவர்கள். உளவாளியைக் காசு கொடுத்து வாங்கலாம், இவர்களை வாங்க முடியாது, வளர்க்கத்தான் வேண்டும். அப்பன் பையில் காசிருந்தால்தான் உள்ளே வரலாம் என்று கதவைச் சாத்தும் நாடு இப்படிப்பட்டவர்களை இழந்துவிடும்.

வட்டிக்கணக்கு:
கதை அருமை, ஆனால் உங்கள் வாதத்துக்கு அது உதவவில்லை நண்பரே. போஸ்னான் வகுப்பு பொறுக்கியெடுத்த சிலருக்கானது. நாம் பேசுவது லட்சக்கணக்கானவர்களின் செலவை யார் சுமப்பது என்பதை. பட்டதாரி சராசரியாக மற்றவர்களைவிட அதிகம் சம்பாதிக்கிறார். கல்லூரி வாசலையே மிதிக்காத தொழிலாளியின் வரியில் அவர் ஏன் படிக்க வேண்டும்?

ஆஸ்திரேலியா 1974இல் கட்டணத்தை ஒழித்துப் பார்த்தது. 1989இல் வேறு வடிவில் திரும்பக் கொண்டுவந்தது: படிக்கும்போது கையிலிருந்து கட்ட வேண்டாம், வருமானம் வரம்பைத் தாண்டினால் வரித்துறையே பிடித்துக்கொள்ளும், வேலை போனால் பிடித்தமும் நின்றுவிடும். கடன்காரன் வாசலில் வந்து நிற்கும் பேச்சே இல்லை. ஏழை மாணவரைத் தடுக்காத முறை இது.

இரவுக்காட்சி:
அதே முறை இங்கிலாந்தில் என்ன ஆனது என்று கணக்குப் போடுங்கள். 2012இல் கட்டண உச்சவரம்பு ஆண்டுக்கு 9,000 பவுண்ட் ஆனது. 2023 ஆகஸ்டிலிருந்து சேர்ந்தவர்களுக்கு, 25,000 பவுண்டுக்கு மேல் வரும் வருமானத்தில் 9% பிடித்தம், 40 ஆண்டு கழித்துத்தான் மிச்சம் தள்ளுபடி. 30,000 சம்பாதிப்பவர் ஆண்டுக்குக் கட்டுவது 450. கடன் 45,000, வட்டி 3% என்று வையுங்கள்: வட்டி மட்டும் 1,350. கட்டக் கட்டக் கடன் ஏறுகிறது. சம்பளம் 40,000 ஆனால்தான் வட்டிக்கே சரியாகும். பணக்கார வீட்டுப் பிள்ளை முதல் நாளே ரொக்கமாகக் கட்டிவிட்டு வட்டியில்லாமல் போய்விடுகிறது. ஒரே பட்டத்துக்குச் செவிலியர் அதிகம் கட்டுகிறார், வசதியானவர் குறைவாகக் கட்டுகிறார். இதுவா நியாயம்? தொழிலாளியின் வரி பற்றிக் கேட்டீர்கள். அதிகம் சம்பாதிக்கும் பட்டதாரி அதிக வருமான வரி கட்டத்தானே போகிறார்?

வட்டிக்கணக்கு:
அது வரம்பையும் வட்டியையும் தப்பாக வைத்ததன் கோளாறு. அதைச் சரிசெய்யலாம். இலவசத்தின் கோளாறு வேறு மாதிரி, கண்ணுக்குத் தெரியாது. ஸ்காட்லாந்தில் உள்ளூர் மாணவருக்கு முதல் பட்டத்துக்குக் கட்டணமில்லை, ஆனால் அரசு பணம் தரும் இடங்களுக்கு உச்சவரம்பு உண்டு. நிதி அமைச்சர் கையை இறுக்கினால் இடங்கள் குறையும். அப்போது வெளியே நிற்பது யார்? தனிப்பயிற்சிக்குக் காசில்லாத பிள்ளைதான். கட்டணம் வாங்கும் இங்கிலாந்தோ 2015இல் எண்ணிக்கை வரம்பையே எடுத்துவிட்டது.

படிக்கட்டு:
இரண்டு பேரும் கட்டணத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அறை வாடகை, சாப்பாடு, பயணம் எங்கே போயின? ஜெர்மனியின் எல்லா மாநிலங்களும் 2014க்குள் பொதுக்கட்டணத்தை எடுத்துவிட்டன. ஆனால் பெரிய நகரத்தில் அறை கிடைக்காமல் திணறும் மாணவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே வாழ்க்கைச் செலவுக்கு அரசு தரும் உதவியில் பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன். திருப்பிக் கட்டுவது மாதம் 130 யூரோ, 77 தவணை, மொத்தம் 10,010. அதற்குமேல் கேட்க மாட்டார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த எண் தெரிந்தால் போதும், துணிந்து சேரும். முடிவு தெரியாத கடன்தான் ஏழை வீட்டைப் பயமுறுத்துகிறது.

வட்டிக்கணக்கு:
தொகைக்கு உச்சவரம்பு, வட்டி கிடையாது என்றால் எனக்கும் சம்மதம். ஆனால் கட்டணம் பூஜ்யம் என்பதற்கு இல்லை.

இரவுக்காட்சி:
அப்படியானால் அந்த உச்சவரம்பை எந்த வருமானத்தோடு இணைப்பீர்கள்? பட்டதாரியின் சராசரிச் சம்பளத்தோடா, கடைநிலைச் சம்பளத்தோடா? கடைநிலை என்றால் மேற்கொண்டு பேசலாம்.