லுக் அவுட் நோட்டீஸ் போட்டும் துபாய் தப்பிய ரவுடி: புகார்தாரர் தரப்பு என்ன செய்யலாம்?

கேள்வி: இளம்வக்கீல்

எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) போலீஸின் சரித்திரப் பதிவேட்டில் உள்ள ரவுடி. ஒரு கொலை, இரண்டு கொலை முயற்சி, அதுபோக மிரட்டிப் பணம் பறித்த வழக்குகள். கொலை வழக்கில் ஜாமீனில் வந்தவர் மூன்று வாய்தாவாக ஆஜராகவில்லை. ஜாமீனில் விட முடியாத பிடிவாரண்ட் பிறப்பித்தாயிற்று. ஆள் துபாயில் என்று தகவல். ஸ்டேஷனில் கேட்டால் "லுக் அவுட் போட்டாச்சு, ரெட் கார்னருக்கும் எழுதியாச்சு" என்பதோடு சரி. லுக் அவுட் இருந்தும் எப்படி விமானம் ஏறினார்? அடுத்து எதைக் கேட்டு வாங்க வேண்டும்? விசாரணை அப்படியே நின்றுவிடுமா?

பதில் 1: கோப்பு_மேசை

முதலில் லுக் அவுட், அதாவது ஆள் நாட்டை விட்டுப் போகும்போது நிறுத்தச் சொல்லும் அறிவிப்பு, எந்தத் தேதியில், என்ன விவரத்தோடு போனது என்று பாருங்கள். பெரும்பாலும் ஓட்டை அங்கேதான். குடியேற்றத் துறைக்கு அனுப்பும்போது பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் இருந்தால் போதும். எண் இல்லாவிட்டால் பாலினம், நாடு தவிர குறைந்தது மூன்று அடையாள விவரங்கள் தேவை. நம் ஊர் எஃப்ஐஆரில் "குமார் என்கிற குள்ளக்குமார், த/பெ செல்வம்" என்றிருக்கும். கடவுச்சீட்டில் அதே ஆள் "குமார் செல்வம்". சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில், சிலருக்கு அந்தக் கட்டமே காலி. ஆங்கில எழுத்துக்கூட்டலும் வேறு. எண் இல்லாமல் எஃப்ஐஆர் பெயரை மட்டும் அனுப்பினால் கவுன்ட்டர் கணினியில் ஆள் சிக்குவது அதிர்ஷ்டம்தான்.

இன்னொரு வழி நேபாளம். இந்தியர் தரைவழி எல்லையைக் கடக்கக் கடவுச்சீட்டு தேவையில்லை. அங்கிருந்து வேறு பெயர்க் கடவுச்சீட்டில் பறந்துவிட்டால் நம் விமான நிலையங்களில் போட்ட லுக் அவுட்டால் பயனில்லை.

லுக் அவுட் ஓராண்டில் காலாவதி என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது பழைய நடைமுறை. 2021 பிப்ரவரி வழிகாட்டுதலுக்குப் பிறகு, அனுப்பிய அமைப்பு திரும்பப் பெறும்வரை அது உயிரோடு இருக்கும்.

அடுத்து கடவுச்சீட்டு. போலீஸ் அதைக் கைப்பற்றலாம், முடக்க முடியாது. முடக்கும் அதிகாரம் கடவுச்சீட்டு அலுவலருக்குத்தான் என்று சுரேஷ் நந்தா வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1967 கடவுச்சீட்டுச் சட்டம் 10(3) பிரிவில், வழக்கு நிலுவையும் வாரண்டும் தனித்தனிக் காரணங்கள். இரண்டையும் குறிப்பிட்டு, வாரண்டின் சான்றிட்ட நகலோடு மண்டல அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள். கடவுச்சீட்டு ரத்தானால் அந்த நாட்டில் விசா புதுப்பிப்பது சிக்கலாகும். பல பேர் மாட்டியது இப்படித்தான்.

பதில் 2: செஷன்ஸ்_வராந்தா

ரெட் கார்னர் பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அது கைது வாரண்ட் இல்லை. "இந்த ஆளைத் தேடுகிறோம், ஒப்படைக்கக் கேட்போம்" என்று 196 உறுப்பு நாடுகளுக்குப் போகும் அறிவிப்பு. அதை வைத்துக் கைது செய்வதா என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தின் கையில். மாவட்டத்திலிருந்து எழுதினால் நேராக இன்டர்போல் தலைமையகம் உள்ள லியோனுக்குப் போகாது. மாநிலத் தொடர்பு அதிகாரி வழியாக டெல்லி சிபிஐக்குப் போய், அங்கிருந்துதான் இன்டர்போல். 2025 ஜனவரியிலிருந்து இதற்கு சிபிஐயின் பாரத்போல் இணையத் தளம் இருக்கிறது. "எழுதியாச்சு" என்றால் எந்த மேசை வரை போயிற்று என்று கேளுங்கள். இன்டர்போல் இணையதளத்தில் பெயர் இல்லை என்பதற்காக நோட்டீஸ் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலானவை பொதுவில் காட்டப்படுவதில்லை.

கோப்பு திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் வழக்குச் சுருக்கம்தான். "பல வழக்குகளில் தொடர்புடைய பயங்கர ரவுடி" என்று எழுதினால் யாரும் ஏற்க மாட்டார்கள். எந்தத் தேதி, எந்த இடம், எந்த ஆயுதம், இந்த ஆள் செய்தது என்ன, எந்தப் பிரிவு, அதிகபட்சத் தண்டனை எவ்வளவு என்று இருக்க வேண்டும். விசாரணைக்காகத் தேடுகிறோம் என்றால் குறைந்தது இரண்டாண்டு தண்டனைக்குரிய குற்றமாக இருக்க வேண்டும். பழைய கைதுகளில் எடுத்த கைரேகையைக் கட்டாயம் இணைக்க வேண்டும். பெயரை மாற்றலாம், ரேகையை மாற்ற முடியாது. நிழலுலக தாதா ரவி பூஜாரி 2019 ஜனவரியில் செனகலில் பிடிபட்டபோது புர்க்கினா பாசோ குடிமகன் அந்தோணி பெர்னாண்டஸ் என்றுதான் சொல்லிக்கொண்டார். அங்கேயும் ஜாமீன் வாங்கித் தென்னாப்பிரிக்காவுக்குத் தப்பி, மறுபடி பிடிபட்டு 2020 பிப்ரவரியில்தான் இங்கே கொண்டுவரப்பட்டார்.

ஆகவே வெளிநாட்டில் கைதான அன்றே ஒப்படைப்புக் கோரிக்கை தயாராக இருக்க வேண்டும். அமெரிக்காவோடு நமக்குள்ள உடன்படிக்கையில், தற்காலிகக் கைதுக்குப் பின் முழு ஆவணமும் போய்ச்சேர 60 நாள்தான் கெடு. தவறினால் ஆள் வெளியே. துபாய் இருக்கும் அமீரகத்தோடும் உடன்படிக்கை இருக்கிறது. அரபு மொழிபெயர்ப்புக்கே வாரங்கள் ஓடிவிடும். அதை இப்போதே தொடங்கச் சொல்லி மனு கொடுங்கள்.

பதில் 3: பழைய_பிராசிகியூட்டர்

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் பல வழக்கு உள்ள ஆள் விஷயத்தில் மிக முக்கியமானதை விட்டுவிட்டார்கள். ஒப்படைப்புச் சட்டம் 21-வது பிரிவின்படி, எந்தக் குற்றத்துக்காக ஒப்படைத்தார்களோ அதற்கு மட்டும்தான் விசாரிக்க முடியும். கொலை வழக்கை மட்டும் வைத்துக் கேட்டால், இரண்டு கொலை முயற்சி வழக்கிலும் வெட்டுப்பட்டவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். பிறகு சேர்க்க அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனி வாரண்ட் உயிரோடு இருக்கிறதா, எல்லாமே ஒரே கோரிக்கையில் போகிறதா என்று பாருங்கள்.

மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலீம் விவகாரமே சாட்சி. 2002-ல் லிஸ்பனில் கைது, 2005 நவம்பரில் ஒப்படைப்பு. மரண தண்டனை இல்லை, 25 ஆண்டுக்கு மேல் சிறையில்லை என்ற உறுதிமொழியின் பேரில். இங்கே கூடுதல் குற்றச்சாட்டுகள் சேர்த்ததை நிபந்தனை மீறல் என்று போர்ச்சுகல் நீதிமன்றம் 2011-ல் சொன்னது; சிலவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 25 ஆண்டு வாக்கை அரசு காப்பாற்றியாக வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் கூறியது.

மும்பை தாதா சோட்டா ராஜன் கதை வேறு. 2015 அக்டோபரில் பாலி விமான நிலையத்தில் மோகன் குமார் என்ற பெயர்க் கடவுச்சீட்டோடு பிடிபட்டார், நவம்பர் 6-ல் இங்கே வந்துவிட்டார். அது ஒப்படைப்பு இல்லை, நாடு கடத்தல். அதில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கடவுச்சீட்டு ரத்தானால் அந்த நாடே ஆளை நாடு கடத்த வழி பிறக்கும்; அதனால்தான் அது இவ்வளவு முக்கியம்.

இளம்வக்கீல்: ஐயா, ஆள் வரும்வரை விசாரணை? வெட்டுப்பட்ட சாட்சி ஒருவருக்கு உடல்நிலை மோசம்.

பழைய_பிராசிகியூட்டர்: அவரை உடனே விசாரிக்க பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 335-வது பிரிவில் மனுப் போடுங்கள், தள்ளாதீர்கள். எதிரி தலைமறைவு, உடனே பிடிபட வாய்ப்பில்லை என்பதை முதலில் நிரூபித்துவிட்டால் சாட்சியத்தைப் பதிவு செய்யலாம். பின்னாளில் சாட்சி இறந்துபோனாலும் அது எதிரிக்கு எதிராகப் பயன்படும்.

எதிரி இல்லாமலே முழு விசாரணை நடத்த அதே சட்டத்தின் 356-வது பிரிவு. ஆனால் அதற்கு 84-ன் கீழ் அறிவிக்கப்பட்ட குற்றவாளி ஆக்க வேண்டும். பத்தாண்டோ அதற்கு மேலோ, ஆயுளோ, மரண தண்டனையோ உள்ள குற்றத்துக்கு மட்டும்தான் அது. கொலையும் கொலை முயற்சியும் வரும், வெறும் மிரட்டல் வராது. 84-ல் அடிக்கடி நடக்கும் பிழை: வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு ஊரில் வாசிக்காமல் விடுவது, அல்லது நீதிமன்றத்தில் ஒட்டாமல் விடுவது. மூன்றும் நடந்திருக்க வேண்டும். 30 நாள் கெடுவும் உத்தரவுத் தேதியிலிருந்து இல்லை, வெளியிட்ட தேதியிலிருந்து. இதில் ஒன்று தவறினாலும் மேலே கட்டியதெல்லாம் சரியும்.

அதன்பின் குறைந்தது 30 நாள் இடைவெளியில் இரண்டு வாரண்ட், பத்திரிகை அறிவிப்பு, உறவினருக்குத் தகவல், வீட்டிலும் ஸ்டேஷனிலும் ஒட்டுதல். குற்றச்சாட்டு வனைந்து 90 நாள் கழித்துத்தான் விசாரணை தொடங்கலாம். எதிரிக்கு வக்கீல் இல்லாவிட்டால் அரசே வைக்க வேண்டும். தண்டனை ஆனால், அவர் நேரில் வந்து நின்றால்தான் அப்பீல்; தீர்ப்பிலிருந்து மூன்றாண்டு கடந்துவிட்டால் அதுவும் இல்லை.

கோப்பு_மேசை: ஜாமீன்தாரர்கள் இருவரையும் விடாதீர்கள். பிஎன்எஸ்எஸ் 491-ல் பத்திரத் தொகையைப் பறிமுதல் செய்யக் கேளுங்கள். ஆள் எங்கே, எந்த எண்ணில் பேசுகிறான் என்பது பெரும்பாலும் அவர்களுக்குத்தான் தெரியும். நோட்டீஸ் போன வாரமே தகவல் வரத் தொடங்கும். சொத்து வெளிநாட்டில் இருந்தால் 86 இருக்கிறது. எஸ்பி அல்லது கமிஷனர் நிலை அதிகாரி எழுத்தில் கேட்டால், அதை அடையாளம் கண்டு முடக்க நீதிமன்றமே அந்த நாட்டின் உதவியைக் கோரலாம்.