மகனுக்கு நெஞ்சில் குழி: கம்பி வைக்கத்தான் வேண்டுமா?

கேள்வி (பையனின் அம்மா):
என் பையனுக்கு 14 வயது. சின்ன வயதிலேயே நெஞ்சு நடுவில் லேசாக அமுங்கியிருந்தது. போன வருடம் மளமளவென்று வளர்ந்தான், குழியும் கூடவே ஆழமானது. யார் முன்னாலும் சட்டையைக் கழற்றுவதில்லை. ஓடினால் கூட்டாளிகளுக்கு முன்பே மூச்சு வாங்குகிறது. சி.டி. பார்த்த சர்ஜன் ஹாலர் இன்டெக்ஸ் 4 என்கிறார், கம்பி வைத்து நிமிர்த்தலாமாம். தண்டால் எடுத்தால் போதும் என்கிறார் தாத்தா. அந்த 4 என்ன கணக்கு? வலி எப்படி இருக்கும்?

பதில் 1:
எங்கள் பெண்ணுக்கு பெல்ட் மாதிரி ஒன்றைப் போட்டே சரியாகிவிட்டது. ஆபரேஷன் எதற்கு?

பதில் 2 (கம்பி சுமந்தவன்):
பதில் 1-இல் சொன்னது அநேகமாக முன்னால் துருத்தும் நெஞ்சுக்கான பெல்ட். அழுத்தினால் அது உள்ளே போகும். குழியை அழுத்தி என்ன பயன்?

அக்கா, கணக்கு எளிது. மார்புக்கூட்டின் உள் அகலத்தை, குழியின் அடியிலிருந்து முதுகெலும்பு வரை உள்ள தூரத்தால் வகுப்பார்கள். அகலம் 26 செ.மீ., அந்தத் தூரம் 6.5 செ.மீ. என்றால் 4. சாதாரணமாக 2.5 பக்கம் இருக்கும். 3.25-ஐத் தாண்டினால் ஆபரேஷன் பேச்சு வரும். எனக்கு 4.6. ஆனால் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. இதயம் அமுங்குகிறதா என்று எக்கோவிலும், மூச்சுத் திறனைத் தனி டெஸ்டிலும் பார்க்க வேண்டும்.

தண்டால் நானும் ஒரு வருடம் எடுத்தேன். இரண்டு பக்கமும் சதை ஏறி, குழி இன்னும் ஆழமாகத் தெரிந்ததுதான் மிச்சம்! கூன் குறைந்தது, அது லாபம். எலும்பு அசையவில்லை.

16 வயதில் நஸ் முறையில் செய்தார்கள். டொனால்ட் நஸ் என்ற சர்ஜன் 1987-இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ராவிச் முறையில் நெஞ்சைத் திறந்து குருத்தெலும்புகளை வெட்டி எடுப்பார்கள். இதில் அக்குளுக்குக் கீழே இரு பக்கமும் சின்ன வெட்டு. கேமரா பார்த்தபடி, வளைத்த கம்பியை நெஞ்செலும்புக்கும் இதயத்துக்கும் நடுவே நுழைத்துத் திருப்பிவிடுவார்கள், எலும்பு மேலே எழும்பிவிடும். மூன்று வருடம் கழித்து எனக்குக் கம்பியை எடுத்தார்கள்.

வலியை மறைக்க மாட்டேன். முதல் வாரம் தும்மல் வந்தால் கண்ணீரும் வந்தது. ஜோக் சொன்ன தம்பியை அறையை விட்டே துரத்தினேன். மல்லாந்துதான் தூக்கம். இப்போது ஆபரேஷனின்போதே விலா நரம்புகளை உறைய வைக்கும் முறை இருக்கிறது. சில மாதம் நெஞ்சு மரத்திருக்கும், ஆனால் வலி வெகுவாகக் குறையும். கேளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். பையன் ரொம்ப ஒல்லியாக, நீள நீள விரல்களோடு இருந்தால் மார்ஃபான் என்ற பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அதில் இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி வீங்கலாம். அப்புறம் நிக்கல் அலர்ஜி. வழக்கமான கம்பி ஸ்டீல், அதில் நிக்கல் கலந்திருக்கும். பெல்ட் பக்கிள் பட்ட இடம் தடிப்பதை எதேச்சையாகச் சொன்னதால் எனக்கு டைட்டானியம் வைத்தார்கள்.

பையனின் அம்மா:
நன்றி தம்பி. எக்கோ இன்னும் எடுக்கவில்லை, கேட்கிறேன். வாட்ச் கட்டுகிற இடத்தில் இவனுக்கு அரிக்கும். அதை டாக்டரிடம் சொல்லத் தோன்றவே இல்லை.