மறு: இம்ப்யூட்டேஷனுக்குத் தமிழ்ல என்ன சொல்? 'கணக்கேற்றல்' என் பரிந்துரை

குழுமத்தாருக்கு ஸ்தோத்திரம், வணக்கம்.

இழை ரொம்ப நீண்டுருச்சு, நேரா விஷயத்துக்கு வர்றேன். இம்ப்யூட்டேஷன்னா ஒருத்தரோட பாவத்தையோ நீதியையோ இன்னொருத்தர் கணக்குல வைக்கிறதைச் சொல்ற கிறிஸ்தவ இறையியல் சொல், அதுக்குத்தான் 'கணக்கேற்றல்'னு நான் பரிந்துரைச்சேன். பைபிள்லயே 'எண்ணப்படுதல்'னு சொல் இருக்கறப்ப புதுசா எதுக்குன்னு நாசரேத் அண்ணாச்சி கேட்டிருந்தாங்க. நியாயமான கேள்விதான். ரோமர் 4-ஆம் அதிகாரத்துல மட்டும் பவுல் லோகிஸொமாய்ங்கிற, கணக்கிடுறதைக் குறிக்கிற கிரேக்க வினையை 11 தடவை போடுறார், நம்ம பழைய மொழிபெயர்ப்பும் 'ஆபிரகாம் தேவனை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது'ன்னு அழகாத்தான் சொல்லுது. ஆனா தமிழ்ல எண்ணுறதுன்னா கணக்கிடுறதும் உண்டு நெனைக்கிறதும் உண்டு, இன்னிக்கு வாசிக்கிறவங்க காதுல நெனைக்கிறது மட்டும்தான் விழுது. வாலிபர் கூட்டத்துல இந்த வசனத்தை வாசிக்க வச்சு என்ன புரிஞ்சுதுன்னு கேட்டுப் பாருங்க, 'கடவுள் அவரை நல்லவர்னு நெனச்சுக்கிட்டாரு'ன்னுதான் பதில் வரும். பவுல் மேற்கோள் காட்டுற அந்த வசனம், தொடக்கநூல் 15:6, திருவிவிலியம்ங்கிற புது மொழிபெயர்ப்புல 'நீதியாகக் கருதினார்'னு வருது, அதுல கணக்கு வாடை சுத்தமா போயிருச்சு. பவுல் எடுத்தது கடைத்தெருவுலயும் புழங்கின சொல், அதனாலதான் அடுத்த மூச்சுலயே கூலி, கடன்னு பேசுறார்.

நெனச்சுக்கிட்டார்னா அது தேவனோட மனசுக்குள்ள நடந்த ஒரு நெனப்பு, அவ்வளவுதான்னு ஆயிரும். கணக்குல ஏத்துனது அப்படி இல்ல, அது எழுத்து, அதுக்குப் பின்னாடி யாரோ ஒருத்தர் கட்டுன பணம் இருக்கு. இந்த வித்தியாசம் போச்சுன்னா நம்ம இரட்சிப்பைப் பத்தி சொல்ல வேண்டியதுல பாதி போயிரும்னு நான் நம்புறேன், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் செட்டியார் கடைகள்ல பேரேடு எழுதுனவங்களுக்கு இது அத்துப்படி. ஒவ்வொரு ஆளுக்கும் தனிப் பக்கம், தலையில பேர், கீழ வரவும் (அவர் கட்டுனது) பற்றும் (அவர் கடன்பட்டது). தம்பி வாங்குன கடனை அண்ணன்காரர் வந்து 'அதை என் கணக்குல எழுதிக்கங்க, நான் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டார்னு வைங்க, கணக்கப்பிள்ளை அண்ணன் பேர்ல பற்று எழுதுவார், அதே தொகையைத் தம்பி பேர்ல வரவு வைப்பார், தம்பி பக்கம் நேராயிரும், அடியில கோடு இழுத்துருவார். தம்பி கையிலேருந்து ஒரு காசு வரல, ஆனா அதை யாரும் பொய்க்கணக்குன்னு சொல்ல மாட்டாங்க, ஏன்னா அண்ணன் பக்கத்துல அந்தப் பற்று நிஜமா நிக்குது, அவர் கட்டியே ஆகணும். இப்ப பவுல் பிலேமோனுக்கு எழுதின கடிதத்துல 18-வது வசனத்தை எடுத்துப் பாருங்க, பிலேமோன் எஜமான், ஒநேசிமு அவரோட அடிமை. ஒநேசிமு உமக்குக் கடன்பட்டிருந்தா 'அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்'னு பவுல் எழுதுறார், அடுத்த வசனத்துலயே என் சொந்தக் கையால எழுதுறேன், நானே செலுத்தித் தீர்ப்பேங்கறார். கொலோசெயர் 2:14-ல சிலுவையில ஆணியடிச்சதா சொல்ற 'கையெழுத்து'ம் அதே மாதிரிதான், கடன்பட்டவன் தன் கைப்பட எழுதிக் குடுத்த சீட்டு, நம்ம ஊர் புரோநோட்டுன்னே சொல்லலாம்.

எங்க சபையில ஒரு பெரியவர், ஆயுசு பூரா ஒரு வட்டிக்கடையில கணக்கு எழுதினவர், படுத்த படுக்கையா இருந்தப்ப ஜெபம் பண்ணப் போயிருந்தோம். 'தம்பி, என் பேர்ல வரவுன்னு சொல்ல ஒன்னுமே இல்லியேப்பா'ன்னார். கூட வந்தவங்க நீங்க சபைக்கு எவ்வளவு உழைச்சிருக்கீங்க, எத்தனை பிள்ளைகளைப் படிக்க வச்சிருக்கீங்கன்னு அடுக்குனாங்க, அவர் முகம் தெளியல. எனக்குத் தோணுனது பிலேமோன்தான், அதை வாசிச்சேன். வசனம் முடியறதுக்கு முன்னாடியே 'அப்ப பற்று அவர் பேர்ல'ன்னு கிறிஸ்துவை நெனச்சு அவரே சொன்னார். அவருக்கு நான் வியாக்கியானம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கல. இந்தத் தெளிவு 'எண்ணப்பட்டது'ல வராது.

தேவகோட்டை அக்கா 'வரவுவைப்பு'ன்னு சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆனா இறையியல்ல இம்ப்யூட்டேஷன் மூணு இடத்துல வருது: ஆதாமோட பாவம் மனுக்குலத்து மேல, நம்ம பாவம் கிறிஸ்து மேல, கிறிஸ்துவோட நீதி நம்ம மேல. மூணாவதுக்கு வரவு கச்சிதமா பொருந்தும், முதல் ரெண்டுக்கும் பற்றுன்னுல்ல சொல்லணும். பாவத்தை வரவு வச்சார்னு எழுதுனா கணக்கு தெரிஞ்சவன் சிரிப்பான். அதனால ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு சொல் வேணும், பேரேட்டுல ஏத்தியாச்சான்னு கடையில கேப்பாங்களே, அந்த ஏத்துறதுதான் அது. முதல்ல கணக்கேற்றம்னுதான் நண்பர் ஒருத்தர் சொன்னார், அது விலையேற்றம், கட்டண ஏற்றம் மாதிரி காதுல விழுது. பேரேற்றம்னா பெரிய ஏற்றம்னு பிரிச்சுருவாங்க. கணக்கேற்றல்னா தொழிற்பெயரா நிக்கும், கணக்கேற்றினார், கணக்கேற்றப்பட்ட நீதின்னு வினையாவும் வளையும். ஏற்றல்னா வாங்கிக்கறதுன்னும் பொருள் உண்டேன்னு இலக்கணக்காரங்க கேக்கலாம். உண்டு, இருக்கட்டும், விசுவாசம் செய்யறது வாங்கிக்கறது மட்டும்தானே, அந்தப் பொருளும் கூடவே ஒலிச்சா எனக்கு சந்தோஷம்தான்.

'சாட்டுதல்' வேண்டாம். குற்றஞ்சாட்டுறதைத் தவிர வேற எதுவும் ஞாபகம் வராது.

குன்றக்குடி ஐயா கேட்டதுக்கு வர்றேன். கணக்குன்னு சொன்னாலே நம்ம சனங்களுக்குச் சித்திரகுப்தன் ஏடுதானே ஞாபகம் வரும், அவனவன் பாவ புண்ணியம் அவனவனுக்குன்னுதானே நெனைப்பாங்க, போதாக்குறைக்கு சைவ சித்தாந்தத்துல இருவினையொப்புன்னு ஒன்னு இருக்கே, அதையே எடுத்துக்கலாமான்னு கேட்டாங்க. ஐயா, இருவினையொப்பு உங்க மரபுல தனக்குன்னு ஆழமான பொருள் உள்ள சொல், ஆன்மா நல்வினை தீவினை ரெண்டோட பயனையும் சமமா பாக்குற பக்குவம் அது, அதுக்கப்புறம்தான் சத்திநிபாதம், அதாவது இறைவனோட அருள் ஆன்மாவுல பதியறது. இங்க பேச்சே வேற. பக்குவம் வராதவன் பேர்ல, 'நாம் பாவிகளாயிருக்கையில்' நடந்ததுன்னு ரோமர் 5:8 சொல்லுது. உங்க சொல்லை நாங்க இரவல் வாங்குனா ரெண்டு பேருக்கும் நட்டம். சித்திரகுப்தன் ஞாபகம் வர்றதைப் பத்தி எனக்குக் கவலையில்ல, வரட்டும், அந்த ஏட்டுல அடுத்தவர் வரவை ஏத்த இடமே கிடையாது, நற்செய்தி அந்த இடத்துலதான் ஆரம்பிக்குதுன்னு சொல்லிக் குடுக்க வசதியா இருக்கும்.

திருச்சி பாதரோட ஆட்சேபணைதான் கனமானது. வெறும் கணக்கெழுத்தா மீட்பைச் சுருக்கிட்டா உள்ளே மனுசன் மாறவே வேண்டாம்னு ஆயிருமேன்னு கேக்குறாங்க. கத்தோலிக்கத் திருச்சபையோட திரெந்து சங்கம் 1547 ஜனவரி 13-ல 11-வது கேனன்ல, அதாவது சபை விதியில, இதைத்தான் மறுத்தது, தூய ஆவி இருதயத்துல ஊத்துற அருளையும் அன்பையும் ஒதுக்கிட்டு கிறிஸ்துவோட நீதி கணக்கேற்றப்படுறதால மட்டுமே நீதிமானாகிறோம்னு சொல்றதை அது ஏத்துக்கல. லூத்தர் தரப்புல, அந்த நீதி நமக்கு வெளியே இருக்கிற கிறிஸ்துவோடது, அது நம்ம சொத்தா நம்ம உள்ளேருந்து முளைச்சது இல்லன்னு விடாப்பிடியா நின்னாங்க. கத்தோலிக்கர், லூத்தரன்கள் ரெண்டு தரப்பும் 1999 அக்டோபர் 31-ல ஆக்ஸ்பர்க்ல, நீதிமானாக்கப்படுறதைப் பத்தின கூட்டறிக்கையில கையெழுத்துப் போட்டப்ப, தேவன் பாவத்தை மன்னிக்கிறதும் பாவத்தோட பிடியிலேருந்து விடுவிக்கிறதும் பிரிக்க முடியாததுன்னு சேர்ந்து சொன்னாங்க. நம்ம கலைச்சொல் ஒரு தரப்புக்கு ஓட்டுப் போடக் கூடாது, ரெண்டையும் தெளிவா பிரிச்சுக் காட்டுனா போதும். அதுக்கு நான் ஒரு ஜோடி வச்சிருக்கேன்: ஏற்றிய நீதி, ஊற்றிய நீதி. முதலாவது இம்ப்யூட்டட், ரெண்டாவது இன்ஃப்யூஸ்ட். எதுகையா வருது, மாணவர்களுக்கு மறக்காது, 'தேவ அன்பு நம்முடைய இருதயங்களில் ஊற்றப்பட்டிருக்கிற'ன்னு ரோமர் 5:5-லயே ரெண்டாவதுக்கு சொல்லும் கிடைக்குது. பொழிதல்னு பாதர் சொன்னதும் நல்ல சொல்தான், ஆனா மழை மேலயும் பொழியும், உள்ளே போறது ஊத்துனாத்தான்.

பணப் பேச்சு ஆண்டவர் காரியத்துல கொச்சையா இருக்குன்னு ஒருத்தர் எழுதியிருந்தாங்க. பரமண்டல ஜெபத்தையே மத்தேயு 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்'னுதான் எழுதியிருக்கார், பதினாயிரம் தாலந்து கடன்காரன் கதை சொன்னதும் இயேசுதான். இந்தச் சீமையில கணக்கு எழுதுறது கௌரவமான வேலை, தர்மத்துக்கு மகமைன்னு கணக்கு எழுதி வச்ச ஊர் இது, இங்க அது கொச்சையா ஒலிக்காது.

ஆக சொற்கள் இப்படி: பொதுவா கணக்கேற்றல், பிரிச்சுச் சொல்லணும்னா பாவக் கணக்கேற்றல், நீதிக் கணக்கேற்றல், ஜோடியா ஏற்றிய நீதி, ஊற்றிய நீதி. வரவுவைப்பை அக்கா சொன்னபடி பிரசங்கத்துலயும் ஓய்வுநாள் பள்ளியிலயும் தாராளமா புழங்கலாம், அகராதியில மட்டும் துணைச்சொல்லா போடுவோம். பாதர், 11-வது கேனனை இந்தச் சொற்களை வச்சு நீங்களே ஒரு தடவை தமிழ்ல எழுதிப் பாருங்க, எங்கயாவது இடறுதான்னு தெரிஞ்சுரும். அண்ணாச்சி, ரோமர் 4 முழுக்க 'எண்ணப்பட்டது' வர்ற இடத்துல எல்லாம் கணக்கேற்றப்பட்டதுன்னு மாத்தி வாய்விட்டு வாசிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க, 8-வது வசனம்தான் எனக்கு இன்னும் வாயில நிக்கல.