துர்க்மெனிஸ்தான் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கருவி மெக்கானிக்:

மகளுக்குப் பள்ளியில் ஒரு நாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார்கள். சீட்டுக் குலுக்கியதில் இவளுக்கு விழுந்தது துர்க்மெனிஸ்தான். தோழிகளுக்கு ஜப்பானும் பிரேசிலும் கிடைத்திருக்க, இவளுக்கு ஒரே வருத்தம். எப்படியோ எழுதி முடித்துக் கொண்டுவந்து காட்டினாள். தலைநகர் அஷ்காபாத். நாணயம் மனாத். பரப்பு சுமார் 4,90,000 சதுர கிலோமீட்டர், அதில் 70 சதவீதத்துக்கும் மேல் காரகும் பாலைவனம். காரகும் என்றால் கருமணல். 1991 அக்டோபர் 27 அன்று சோவியத்திலிருந்து விடுதலை. 1995 டிசம்பர் 12 முதல் ஐ.நா. அங்கீகரித்த நிரந்தர நடுநிலை நாடு. எல்லாம் சரிதான். "நீங்க அங்க இருந்தீங்களேப்பா, இதுல இல்லாதது ஏதாவது சொல்லுங்க" என்றாள்.

2014-இல் எட்டு மாதம் மரி நகரில் இருந்தேன். கல்கினிஷ் எரிவாயு வயல் பக்கம், ஒப்பந்தக்காரரிடம் அழுத்தமானிகளைப் பழுது பார்க்கும் வேலை. தங்கியது சோவியத் காலத்து அடுக்குமாடி ஒன்றில், வயதான அம்மா ஒருவரின் வீட்டில் ஓர் அறை. அவரை 'டாய்ஸா' என்று கூப்பிடுவேன். நம் ஊரில் சின்னம்மா, பெரியம்மா என்பது மாதிரி.

முதல் நாள் வேலை முடிந்து வந்தால் சமையலறை அடுப்பில் ஒரு பர்னர் எரிந்துகொண்டிருக்கிறது. மேலே பாத்திரம் இல்லை. மறந்துவிட்டார் போல என்று அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி எரிந்தது. மறுநாளும் அணைத்தேன். மூன்றாம் நாள் டாய்ஸா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஒரு தீப்பெட்டியை என் காதருகே ஆட்டிக் காட்டினார். உள்ளே இரண்டோ மூன்றோ குச்சி. அப்புறம் பர்னரைக் காட்டி, உள்ளங்கையை விரித்து 'சும்மா' என்று சைகை செய்தார். தீக்குச்சிக்குக் காசு, கேஸுக்குக் காசில்லை. அணைத்தால்தான் செலவு!

1993 முதல் அங்கே வீடுகளுக்கு கேஸ், மின்சாரம், தண்ணீர், உப்பு எல்லாம் ஓர் அளவு வரை இலவசம், நான் இருந்தபோதும் அப்படித்தான். சிலிண்டரை ஆட்டிப் பார்த்து 'இன்னும் எத்தனை நாள் வரும்' என்று கணக்குப் போடும் வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்த நீல ஜுவாலையைப் பார்த்துக்கொண்டு தூங்கப் போவதே கஷ்டமாக இருந்தது. நீங்களும் பார்த்ததைச் சொன்னால் மகளுக்குப் படித்துக் காட்டுவேன்.

இரவு விமானம்:

நான் பார்த்தது நான்கு மணி நேரம்தான், அதுவும் கண்ணாடி வழியாக. 2017-இல் தில்லியில் ஏறி அஷ்காபாத்தில் மாறி பர்மிங்ஹாம் போனேன். டிக்கெட் மலிவு, அது ஒன்றுதான் காரணம். விமானம் நிறைய பஞ்சாபி தாத்தா பாட்டிகள். தரையிறங்கும்போது மணி இரண்டிருக்கும். ஊர் முழுக்க வெள்ளை வெளிச்சம், கல்யாண மண்டபத்துக்குப் போட்ட மாதிரி. சாலையில் வண்டி என்று எண்ணினால் ஐந்தோ ஆறோ.

விமான நிலையம் 2016-இல் திறந்தது. மேலிருந்து பார்த்தால் வல்லூறு சிறகை விரித்த மாதிரி இருக்கும். உள்ளே துடைத்துக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்து "ஹிந்துஸ்தான்?" என்றார். தலையாட்டினேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு "மிதுன்!" என்று இடுப்பை ஒரு வெட்டு வெட்டினார். சோவியத் நாட்களில் ராஜ் கபூர், மிதுன் சக்கரவர்த்தி நடித்த இந்திப் படங்கள் அந்தப் பக்கம் எவ்வளவு ஓடின என்று அப்பா சொல்லிக் கேட்டதுண்டு, நம்பியதில்லை. கடிகாரத்தை அரை மணி நேரம் மட்டும் பின்னால் தள்ளி வைத்தால் போதும் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

இரண்டு வருட அஷ்காபாத்:

கணவரின் வேலைக்காக 2016 முதல் 2018 வரை அங்கே இருந்தோம். இரவு வெளிச்சத்தைச் சொல்லிவிட்டீர்கள், ஆகஸ்ட் மதியத்தையும் சொல்ல வேண்டும். வெயில் 45 டிகிரி, சுற்றிலும் வெள்ளைப் பளிங்கு. கண்ணைத் திறக்க முடியாது. 543 கட்டடங்களுக்கு 45 லட்சம் சதுர மீட்டர் வெள்ளைப் பளிங்கு என்று 2013-இல் கின்னஸில் ஏறிய ஊர் அது. குடியிருப்புகளில் பாதி சன்னல்களுக்குப் பின்னால் ஆள் இருப்பதாகவே தெரியாது. நாங்கள் போய்ச் சேர்ந்த புதிதில் சினிமா செட்டுக்குள் குடிவந்த மாதிரி இருந்தது.

ஊர் ஏன் இப்படி மொத்தமாகப் புதிதாக இருக்கிறது என்பதற்குப் பளிங்கு மோகம் மட்டும் காரணமில்லை. 1948 அக்டோபர் 6 நள்ளிரவுக்குப் பின் வந்த பூகம்பத்தில் பழைய ஊர் ஏறக்குறைய முழுசாகப் போய்விட்டது. சாவு எண்ணிக்கையை சோவியத் அரசு பல காலம் மூடி வைத்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். முதல் அதிபர் நியாசோவின் தாயும் இரண்டு சகோதரர்களும் அதில்தான் இறந்தார்கள். ஒரு காளை கொம்பில் பூமி உருண்டையை முட்டித் தூக்க, பிளவிலிருந்து ஒரு பெண் தங்கக் குழந்தையை மேலே நீட்டும் சிலை ஒன்று உண்டு. அந்தக் குழந்தை அவர்தான்! மாதங்களுக்கே தன் பேரையும் அம்மா பேரையும் வைத்தவர். ஜனவரி அவருடைய பட்டப்பெயரான 'துர்க்மென்பாஷி' ஆனது, ஏப்ரல் அம்மா பேருக்குப் போனது. 2008-இல்தான் பழைய பெயர்கள் திரும்பின. வெளியே இருந்து கேட்டால் சிரிப்பு வரும். அங்கே யாரும் அதைப் பற்றிச் சத்தமாகச் சிரித்து நான் பார்க்கவில்லை.

நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் ரொட்டி. தந்தூருக்கு அவர்கள் பேச்சில் தாம்டிர், அதில் சுடும் வட்ட ரொட்டி சோரெக். பக்கத்து வீட்டம்மா சூடாக ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி மேசையில் வைத்தேன், தலைகீழாக. அவர் பேச்சை நிறுத்தவில்லை, என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை. பேசிக்கொண்டே கையை நீட்டி ரொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மேலே இருந்த எள்ளை விரலால் ஒருமுறை தடவிவிட்டார். அன்னத்தைக் காலால் மிதித்துவிட்டால் நாம் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அந்த மாதிரி ஒரு அசைவு. அதற்குப் பிறகு ரொட்டி விஷயத்தில் நான் தப்பு செய்ததில்லை.

பணம் பற்றியும் மகளிடம் சொல்லுங்கள். வங்கிக் கணக்கில் ஒரு டாலருக்கு மூன்றரை மனாத். கடைத்தெருவில் யாராவது காதருகே சொல்லும் விலை அதைப்போல் பல மடங்கு. கம்பளம் வாங்கினால் வாங்கியதோடு வேலை முடியாது, நாட்டை விட்டு எடுத்துப் போகலாம் என்று சான்று வாங்க வேண்டும். கொடியிலேயே ஐந்து கம்பள வடிவங்களை நெய்து வைத்திருக்கும் நாடு, விடுமா?

மிதிவண்டி:

ஐந்து நாள் டிரான்சிட் விசா. உஸ்பெகிஸ்தான் பக்கம் ஃபாராப்பில் நுழைந்து, ஈரான் எல்லை சரக்ஸில் வெளியேற வேண்டும். நடுவில் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். கணக்குப் பார்த்தால் நாளுக்கு நூறு, பெரிய விஷயமில்லை என்று நினைத்தேன். எதிர்காற்று என் கணக்கில் வரவில்லை.

இரண்டாம் நாள் மதியம் காற்று நேரே முகத்தில். மணல் பல்லில் கடிபட்டது. மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. சாலையோர சாய்கானாவில், அதாவது தேநீர்க் கடையில், வண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். கம்பளித் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் கேட்காமலே ஒரு கிண்ணம் வைத்தார். சால், அதாவது புளித்த ஒட்டகப் பால். பழைய மோரில் சோடா ஊற்றின மாதிரி நாக்கில் சுருக்கென்றது. முதல் வாய் விழுங்கக் கஷ்டம், இரண்டாவது கிண்ணத்தை நானே கேட்டேன். எழுந்திருக்கும்போது காசு நீட்டினேன். அவர் என் சைக்கிளை, என்னை, மேற்கே போகும் சாலையை வரிசையாகப் பார்த்துவிட்டு, காசை என் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகினார். பரிதாபப்பட்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

போன வழியில் காரகும் கால்வாயைத் தாண்டினேன். 1954-இல் வெட்டத் தொடங்கியது. அமு தரியா நதியைத் திருப்பி, பாலைவனத்தின் குறுக்கே 1,300 கிலோமீட்டருக்கும் மேல் ஓட விட்டிருக்கிறார்கள். நிறம் பால் அதிகமான டீ. இரண்டு கரையிலும் பருத்தி, அதற்கு அப்பால் மணல். ஆரல் கடல் வற்றியதற்கு இந்த வாய்க்காலும் ஒரு காரணம் என்று தெரிந்திருந்தும், அந்தச் சூட்டில் தண்ணீரைப் பார்த்ததும் இறங்கி முகம் கழுவினேன்.

வருத்தம் ஒன்று உண்டு. பைராம்அலி ஊர் வழியாகப் போயும் மெர்வ் இடிபாடுகளுக்குத் திரும்ப நேரமில்லை. பட்டுப் பாதையின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று, 1221-இல் மங்கோலியர் வந்து தரைமட்டமாக்கியது. விசா தேதி அதைவிடப் பயமாக இருந்தது.

ஆவணப் பைத்தியம்:

எரியும் பள்ளத்தை யாருமே சொல்லவில்லையே. 2019 பிப்ரவரியில் போனேன். அஷ்காபாத்திலிருந்து வடக்கே சுமார் 260 கிலோமீட்டர், தர்வாசா. சாலை என்பது மரியாதைக்குச் சொல்வது. பள்ளம் சுமார் 70 மீட்டர் அகலம், 30 மீட்டர் ஆழம். முதுகில் பாலைவனக் குளிர் குத்தியது, முகம் வெந்தது. அடிக்கடி திரும்பி நின்று இரண்டு பக்கமும் காய்ந்தேன். சத்தம் ஒன்று இருக்கிறது, படங்களில் அது வராது: ஜெட் என்ஜின் தூரத்தில் ஓடுகிற மாதிரி விடாத இரைச்சல்.

'1971-இல் சோவியத் பொறியாளர்கள் துளைபோட்டார்கள், நிலம் சரிந்தது, விஷவாயுவுக்குப் பயந்து பற்றவைத்தார்கள், சில நாளில் அணையும் என்று நினைத்தார்கள்' என்ற கதை எல்லா இடத்திலும் வருகிறது. அதற்கு ஆவணம் எதுவும் வெளியானதில்லை. உள்ளூர் நிலவியலாளர்களே பள்ளம் அறுபதுகளில் விழுந்தது, தீ எண்பதுகளில் வந்தது என்றும் சொல்லியிருக்கிறார்கள். மகள் எழுதினால் 'என்று சொல்கிறார்கள்' சேர்த்துக்கொள்ளட்டும். 2022-இல் அதிபர் அதை அணைக்கச் சொன்னார். தீ பெருமளவு தணிந்துவிட்டதாக 2025-இல் அறிவித்தார்கள். பார்க்க நினைப்பவர்கள் தாமதிக்க வேண்டாம்.

எங்கள் டிரைவர் பள்ளத்தின் பக்கமே திரும்பவில்லை. வண்டி அடுப்பில் தேநீர் வைத்துவிட்டு, வரும் வழியில் எர்பெந்தில் வாங்கிய ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "எங்கள் வீட்டில் சின்னது ஒன்று எரிகிறது" என்றார்.

இரண்டு வருட அஷ்காபாத்:

அந்த டிரைவர் வீட்டுச் சின்னதும் அப்போது கட்டணத்துக்கு வந்திருக்கும். 2019 ஜனவரி 1-இலிருந்து இலவசம் முடிந்தது. மெக்கானிக் சாருக்கு ஒரு கேள்வி: அந்த டாய்ஸாவுக்கு நாலு கட்டு தீப்பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கலாமே?

கருவி மெக்கானிக்:

யோசிக்காமல் இருப்பேனா? லீவில் வந்து திரும்பும்போது சிவகாசித் தீப்பெட்டி ஒரு பண்டல் பெட்டியில் வைத்தேன். சென்னை விமான நிலையத்திலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி எடுத்துவிட்டார்கள், கூடவே ஒரு பிரசங்கம். தப்பு என்னுடையதுதான். நல்லவேளையாக மனைவி வைத்திருந்த கேஸ் லைட்டர் தப்பியது, 'டிக் டிக்' என்று பொறி தட்டுமே, அது.

டாய்ஸாவிடம் கொடுத்தேன். நாலைந்து தடவை அழுத்திப் பார்த்துச் சிரித்தார். பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் அதைத் துணியில் துடைத்து, கண்ணாடி அலமாரியில் தேநீர்க் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். சமையலறையில் பர்னர் எரிந்துகொண்டேதான் இருந்தது.